மே மாதத்தில் திருகோணமலை: முதியவர்களோடும் பிள்ளைகளோடும் ஒரு வாரம் தங்க ஆலோசனை வேண்டும்

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மே மாதப் பள்ளி விடுமுறையில் ஒரு வாரத்தைக் கடலோர ஊர் ஒன்றில் கழிக்க எண்ணியிருக்கிறோம். எழுபதைத் தாண்டிய மாமனார், மாமியார், என் கணவர், நான், 12 வயது மகள், 8 வயது மகன் என நாங்கள் ஆறு பேர். முதலில் கோவளத்தையும் கோவாவையும் பார்த்தோம். மே மாதத்தின் பின்பாதியில் மேற்குக் கரையில் அலை உயர்ந்துவிடும், ஜூன் தொடக்கத்தில் பருவமழையும் வந்துவிடும் என்று அறிந்த பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டோம். உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர்தான் திருகோணமலையைச் சொன்னார். மாமனாருக்குத் தேவாரத் தலங்கள் என்றால் உயிர். ஈழத்தில் பாடல் பெற்ற தலங்களான திருகோணமலைக் கோணேசர் கோவில், திருக்கேதீச்சரம் இரண்டையும் தரிசித்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் இருவருக்கும் நீச்சல் தெரியும், கடலுக்குள் மீன்களைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

பயண முகவர் ஒருவர் கொடுத்த திட்டத்தில் கொழும்பு, நுவரெலியா, கண்டி, சிகிரியா எல்லாவற்றையும் சுற்றிவிட்டுக் கடைசியில் ஓர் இரவு மட்டும் திருகோணமலை வருகிறது. மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. நாள்தோறும் பெட்டியைக் கட்டி, வண்டியில் ஏறி, வேறு விடுதியில் இறங்குவது அவரால் ஆகாது. மே மாதத்தில் அங்கே வானிலை எப்படி இருக்கும், எங்கே தங்கலாம், எந்த வழியாக வருவது முதியவர்களுக்கு எளிது என்பதை அறிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

உப்புவெளி (திருகோணமலை) எழுதியது:

வணக்கம் அக்கா. நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். முகவர் தந்த திட்டத்தை முழுவதுமாக ஒதுக்கிவிடுங்கள் என்றுதான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. அலைச்சல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மே மாதத்து வானம்.

இலங்கை சிறிய தீவு என்றாலும் இரண்டு கரைகளுக்கும் மழைக்காலம் வேறு வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் கொழும்பு, காலி, நுவரெலியா பக்கம் மழையைக் கொட்டும். கொழும்பில் ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் மாதங்களில் மே மாதமும் ஒன்று. மலைநாட்டில் மண்சரிவு எச்சரிக்கை விடுவதும் இந்தக் காலத்தில் வழக்கம். அதே காற்று மத்திய மலைகளில் ஈரத்தை எல்லாம் இறக்கிவிட்டு, மறுபுறம் கீழிறங்கும்போது சூடேறி, வறண்ட காற்றாக எங்கள் பக்கம் வருகிறது. நாங்கள் அதைக் கச்சான் காற்று என்போம். தரையிலிருந்து கடலை நோக்கி அது வீசுவதால் நகருக்கு வடக்கே உள்ள கடற்கரைகளான உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கரையோர அலை அடங்கிவிடும், நீரும் தெளியும். மே தொடங்கிச் செப்டம்பர் வரை எங்கள் கடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அக்டோபர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவம். அப்போது வானமும் கடலும் கலங்கிக் கிடக்கும், நிலாவெளிக்கு எதிரே பவளங்கள் சூழ்ந்த புறாத்தீவுக்குப் படகுகளும் போகா. டிசம்பர் விடுமுறைக்கு இங்கு வந்து மழையைப் பார்த்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்து திரும்பும் குடும்பங்களைக் காணும்போது, அவர்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று மனம் வருந்துவேன்.

வெயிலைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பகலில் வெப்பம் 33 முதல் 35 பாகை வரை போகும். மதுரைக்காரர்களுக்கு அந்த எண் பெரிதாகத் தோன்றாது. ஆனால் மணலிலும் நீரிலும் பட்டு எதிரொளிக்கும் வெயில் தோலைச் சுட்டுவிடும். கடலில் இறங்குவதைக் காலை ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள், பிறகு மாலை நான்கு மணிக்கு மேல் பாருங்கள். இடைப்பட்ட நேரம் உணவுக்கும் உறக்கத்துக்கும் உரியது. மே முற்பகுதியில் சில நாள்களில் பிற்பகல் இடிமழை ஒன்று வந்து போகலாம். மாதம் போகப் போக அது குறையும்.

நெய்தல் (சென்னை) எழுதியது:

மேலே சொல்லப்பட்டதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நாளைக் குறிப்பதற்கு முன் வெசாக் எப்போது வருகிறது என்று பாருங்கள். மே மாத முழுநிலவை ஒட்டி வரும் அந்தப் பௌத்தப் பெருநாள் ஆண்டுதோறும் வேறு தேதியில் விழும். அந்த நாள்களில் நாடு முழுவதும் விடுமுறை, இறைச்சிக் கடைகளும் மதுக்கடைகளும் மூடப்படும், உள்ளூர் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைகளுக்கு வருவார்கள். விடுதிக் கட்டணமும் ஏறும், அறையும் கிடைக்காது. அதற்கு முன்னோ பின்னோ நான்கைந்து நாள் தள்ளி வைத்துக்கொண்டால் அதே கடற்கரை அமைதியாக இருக்கும். ஆகஸ்டு பள்ளி விடுமுறையிலும் கூட்டம் மிகும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

வடமராட்சி (யாழ்ப்பாணம்) எழுதியது:

வழியைப் பற்றி நான் சொல்கிறேன். உங்களுக்கு மூன்று வாயில்கள் உண்டு. ஒன்று, நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு வரும் கப்பல். அது 2023 அக்டோபரில் தொடங்கி, விரைவில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கட்டணம் குறைவு என்பதும், கடல் வழியே ஈழத்துக்கு வந்து சேர்வதில் உள்ள நிறைவும் பெரியவை. இரண்டாவது, சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு வரும் விமானம், ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். 2025 முதல் திருச்சியிலிருந்தும் சேவை உண்டு. மூன்றாவது, மதுரையிலிருந்து நேரே கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கா.

பலாலியிலோ காங்கேசன்துறையிலோ இறங்கினால் ஏ9 வீதியில் வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலையை அடையலாம். வான் (வேன்) வண்டியில் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதியவர்கள் இருப்பதால் யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கி, நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டுவிட்டு மறுநாள் புறப்படுவது நல்லது. மொழிச் சிக்கல் எங்கும் இராது. மாமனார் மாமியார் யாரிடமும் தயங்காமல் பேசலாம், அந்த வசதி வேறெந்த வெளிநாட்டுப் பயணத்திலும் கிடைக்காது.

மாடவீதி (காஞ்சிபுரம்) எழுதியது:

கப்பல் வழி இந்தக் குடும்பத்துக்கு ஏற்றதன்று என்று நான் கருதுகிறேன். மதுரையிலிருந்து நாகைக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் சாலைப் பயணம், பிறகு குடியேற்றச் சோதனை, பிறகு கடல், பிறகு மறுகரையில் மீண்டும் சோதனை. முழங்கால் வலி உள்ளவருக்கு ஒரே நாளில் இது மிக அதிகம். அலை சற்று எழுந்தாலும் புறப்பாடு தள்ளிப்போகும், விடுதிக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க நேரும். இளைஞர்கள் தனியாகப் போனால் நானே கப்பலைத்தான் பரிந்துரைப்பேன்.

கட்டுநாயக்கா விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே இருப்பதால் கொழும்பு நெரிசலுக்குள் நுழையாமலே குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகப் போகலாம். ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். நடுவில் தம்புள்ளையிலோ ஹபரணையிலோ ஓர் இரவு தங்கினால் பயணம் இரண்டாகப் பிரிந்துவிடும், பிள்ளைகள் சிகிரியாக் குன்றைத் தொலைவிலிருந்தாவது பார்த்துக்கொள்வார்கள்.

வடமராட்சி (யாழ்ப்பாணம்) எழுதியது:

மாடவீதி ஐயா சொல்வது நியாயம், முதியவர்களுக்குக் கப்பல் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆயினும் திருக்கேதீச்சரம் மன்னாருக்கு அருகே மாந்தையில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. வரும்போது கட்டுநாயக்கா, திரும்பும்போது பலாலி என்று வைத்துக்கொண்டால் இரண்டு தலங்களும் ஒரே கோட்டில் அமைந்துவிடும். திருகோணமலையிலிருந்து வவுனியா, அங்கிருந்து மன்னார் வீதியில் திருக்கேதீச்சரம், பிறகு ஏ32 வீதியில் பூநகரி, 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம், அதைக் கடந்தால் யாழ்ப்பாணம். அந்தப் பாலத்தில் வண்டியை நிறுத்தாமல் போக எவருக்கும் மனம் வராது, இரு புறமும் கடல்நீரேரி விரிந்து கிடக்கும்.

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வழியில் சென்று மறுவழியில் திரும்பும் யோசனை மாமனாருக்கு மிகவும் பிடித்துவிட்டது. தங்குமிடத்தில்தான் இப்போது குழப்பம். கணவர் நகரத்துக்குள் தங்கலாம் என்கிறார், பிள்ளைகள் நிலாவெளி வேண்டும் என்கிறார்கள். எது பொருத்தம்? மாமனாரும் மாமியாரும் முட்டை கூட உண்ணாத சைவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்ராறியோ நிலா (ரொறன்ரோ) எழுதியது:

பிள்ளைகளுக்காகப் போகிறீர்கள் என்றால் நிலாவெளிதான். நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். மணல் வெண்மையானது, நீண்ட தூரம் இடுப்பளவு நீரிலேயே நடக்கலாம், கரையில் கடைகளின் சந்தடி குறைவு. புறாத்தீவுக்குப் படகு ஏறும் இடமும் அங்கேயே. எங்கள் பிள்ளைகள் கனடாவில் வளர்ந்தவர்கள். பல நாட்டுக் கடற்கரைகளைப் பார்த்த பிறகும் நிலாவெளியைத்தான் கேட்கிறார்கள். நகருக்குள் தங்கினால் கடலைப் பார்க்கலாம், ஆனால் காலையில் எழுந்ததும் வெறுங்காலோடு ஓடிப்போய் இறங்கும் இன்பம் கிடைக்காது.

உப்புவெளி (திருகோணமலை) எழுதியது:

ஒன்ராறியோ நிலாவின் அன்பை மதிக்கிறேன், நிலாவெளியின் அழகில் எனக்கும் ஐயம் இல்லை. என்றாலும் இந்தக் குடும்பத்துக்கு நான் உப்புவெளியையே சொல்வேன், அது என் ஊர் என்பதற்காக அல்ல. எழுபது கடந்த இருவர் உடன் வருகிறார்கள். இரவில் ஒருவருக்கு நெஞ்சு படபடத்தாலோ தலை சுற்றினாலோ மாவட்டப் பொது மருத்துவமனை நகரில்தான் இருக்கிறது. உப்புவெளி அலஸ்தோட்டம் பகுதியிலிருந்து நகருக்கு 5 கிலோமீட்டர் அளவுதான், முச்சக்கர வண்டி எந்த நேரமும் கிடைக்கும். மாலையில் மாமனார் கோணேசர் கோவில் பூசைக்கோ நகர நடுவிலுள்ள பத்திரகாளி அம்மன் கோவிலுக்கோ தனியாகவே போய் வரலாம், அவருக்காக மற்றவர்கள் கடலை விட்டு எழ வேண்டியதில்லை. நிலாவெளியில் தங்கினால் இது ஒவ்வொன்றும் ஒரு பயணமாகிவிடும். பிள்ளைகளைப் பொறுத்தவரை, இந்தப் பருவத்தில் உப்புவெளிக் கடலும் ஆழமற்றதாக, அமைதியாகவே இருக்கும்.

கடலைப் பார்த்த அறை என்று விளம்பரத்தில் கண்டதும் முன்பணம் கட்டிவிடாதீர்கள். தரைத்தளத்தில் அறை தருவார்களா, குளியலறையில் படி இருக்கிறதா, மேல்நாட்டுக் கழிப்பறை உண்டா, மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு உண்டா என்பதைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நண்பகலில் குளிரூட்டி இல்லாமல் முதியவர்கள் தூங்க முடியாது.

உணவில் ஒரு முக்கியமான செய்தி. எங்கள் சமையலில் மாசி சேர்ப்பது வழக்கம். உலர்த்திய சூரை மீனை இடித்த அந்தத் தூளைச் சம்பலிலும், சில சமயம் மரக்கறிக் கறிகளிலும் கூடப் போடுவார்கள். மீன் துண்டு கண்ணில் படாது என்பதால் வெளியூரார் அறியாமல் உண்டுவிடுவர். விடுதியில் வெறுமனே மரக்கறிச் சாப்பாடு வேண்டும் என்றால் போதாது, மாசியும் கருவாடும் முட்டையும் கூடாது என்று பிரித்துச் சொல்லுங்கள். நகரில் சைவக் கடைகள் இருக்கின்றன. அங்கே இடியப்பமும் சொதியும் பருப்புக் கறியும் அச்சமின்றி உண்ணலாம், சம்பலை மட்டும் ஒரு சொல் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மண்சட்டியில் உறையவைத்த எருமைத் தயிரைக் கித்துள் பாணியோடு (கித்துள் பனையின் பாகு) பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.

பவளத்திட்டு (கொழும்பு) எழுதியது:

பிள்ளைகள் மீன்களைப் பார்க்க விரும்புவதாக எழுதியிருந்ததால் புறாத்தீவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் படிப்பவள், அந்தத் திட்டின் மேல் எனக்கு ஆழ்ந்த பற்று உண்டு.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் பெரிதும் சிறிதுமாக இரண்டு தீவுகள் இருக்கின்றன. மாடப்புறாக்கள் அங்கே கூடு கட்டுகின்றன. ஆங்கிலேயர் காலத்தில் கடற்படை துப்பாக்கிப் பயிற்சிக்கு இதைப் பயன்படுத்தியது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வனசீவராசிகள் திணைக்களத்திடம் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல், படகுக் கூலி தனி. இரவு தங்க அனுமதி இல்லை.

பெரிய தீவைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீரில், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து மிதந்தபடியே பவளங்களைப் பார்க்கலாம். மான்கொம்பு போலக் கிளைத்தவை, மேசைபோல் பரந்தவை, பாறைபோல் உருண்டவை எனப் பல வகை உண்டு. கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன், சில நேரம் கடலாமை, துடுப்பு நுனி கறுத்த சிறிய சுறா ஆகியவை வரும். அந்தச் சுறா மனிதரைக் கண்டால் விலகிப் போய்விடும். பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லிவைத்தால் பதறிக் கால் உதைக்க மாட்டார்கள்.

கால் உதைப்பதைத்தான் நான் அஞ்சுகிறேன். பவளம் கல் அன்று, கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் சேர்ந்து கட்டும் வீடு அது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். களைத்துப்போன ஒருவர் பவளத்தின் மேல் ஏறி நின்றால் பல ஆண்டு வளர்ச்சி ஒரே மிதியில் சேதமடையும். இந்தத் தீவில் நான் காணும் சேதத்தில் பெரும்பகுதி நின்று இளைப்பாறியவர்களின் கால்களால் வந்தது. அதற்கு மேல் கடல்நீர் சூடாவதால் பவளங்கள் நிறமிழந்து வெளுக்கின்றன. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டது. சூட்டினால் நொந்துபோன உயிர் மிதியையும் சேர்த்துத் தாங்காது.

ஆகவே பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்கு முன் விடுதி நீச்சல் குளத்திலோ உப்புவெளிக் கரையிலோ முகக்கண்ணாடி, குழலோடு மிதக்கப் பழக்குங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தாலும் உயிர்காப்புச் சட்டை அணியட்டும். அதை அணிந்தவர் களைத்தால் அசையாமல் மிதப்பார், நிற்க இடம் தேடமாட்டார். துடுப்புக் காலணி வேண்டாம். ஆழமற்ற நீரில் அது பவளத்தின் மேல் அடித்துக்கொண்டே இருக்கும். வெயிலுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போதும். ஆக்ஸிபென்சோன் கலந்த வெயில் களிம்புகள் பவளத்துக்குக் கேடு என்பதால் ஹவாய் மாநிலம் 2021 முதல் அவற்றின் விற்பனையையே தடை செய்திருக்கிறது. வார நாளில், காலை முதல் படகில் போங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு கூட்டம் சேர்ந்து, மணல் கிளறி, நீர் கலங்கிவிடும். உடைந்து கரையொதுங்கிய பவளத் துண்டாக இருந்தாலும் எடுத்துவர வேண்டாம், அது சட்டப்படி குற்றம்.

நெய்தல் (சென்னை) எழுதியது:

இவ்வளவு நொந்துபோயிருக்கும் ஓர் இடத்துக்கு நாம் போகாமல் இருப்பதுதானே சரியாக இருக்கும்? பிள்ளைகளுக்கு மீன்களைக் காட்ட வேறு வழிகள் உண்டு. சில ஆண்டுகள் அத்தீவை முழுவதுமாக மூடி ஓய்வு கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

உப்புவெளி (திருகோணமலை) எழுதியது:

உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் படகுகளை ஓட்டுபவர்களில் பலர் மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். முப்பது ஆண்டுப் போரும், 2004 ஆழிப்பேரலையும் அடுத்தடுத்து இந்தக் கரையின் வாழ்வைச் சிதைத்தன. சுற்றுலா வந்த பிறகுதான் ஆண்டில் சில மாதங்களாவது உறுதியான வருவாய் கிடைக்கிறது. யாரும் வராவிட்டால் அந்தப் படகுகள் வேறு வேலைக்குப் போகும், தீவைக் காக்க வேண்டும் என்று சொல்லும் குரல்களும் ஊரில் குறைந்துவிடும். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்து, பவளத்தின் மேல் நிற்பவரைத் தண்டித்தால் போதும் என்று நான் நினைக்கிறேன்.

பவளத்திட்டு (கொழும்பு) எழுதியது:

நான் வரம்பையும் கேட்கிறேன், வெளுப்பு கடுமையாக இருக்கும் மாதங்களில் தற்காலிக மூடலையும் கேட்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. வைகைக்கரை அக்காவின் பிள்ளைகள் போக வேண்டும் என்பதே என் விருப்பம். பத்து வயதில் பவளத்தை உயிரோடு பார்த்தவர் அதை மறக்கமாட்டார். நீங்கள் போகும் வாரத்தில் பூங்கா திறந்திருக்கிறதா என்று மட்டும் விடுதியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

திமிங்கிலம் பார்க்கும் படகுகளைப் பற்றியும் கேட்பீர்கள். கரைக்கு அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழமாக இறங்குவதால் நீலத்திமிங்கிலமும் எண்ணெய்த்திமிங்கிலமும் மார்ச் முதல் ஆகஸ்டு வரை இந்தப் பக்கம் வருகின்றன. ஆனால் திறந்த படகில் பல மணி நேர வெயில், காண்பதும் உறுதி இல்லை. முதியவர்களை விட்டுவிட்டு, மகளும் தந்தையும் மட்டும் போகலாம். திமிங்கிலத்தைத் துரத்தாமல் தொலைவில் எந்திரத்தை நிறுத்திக் காத்திருக்கும் படகோட்டியைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

குளக்கோட்டம் (திருகோணமலை) எழுதியது:

மாமனாருக்காக நான் எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் சற்று நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோணேசர் கோவிலுக்குப் பிரட்றிக் கோட்டை வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கோட்டையின் கல்லில் கோவிலின் வரலாறு இருக்கிறது. கடலுக்கு மேல் நிமிர்ந்த மலையில் இருந்த பழைய ஆலயத்தைப் போர்த்துகேயர் 1622இல் இடித்தனர். அதன் கற்களைக் கொண்டே 1624இல் கோட்டை எழுந்தது. வாசற் சுவரில் பாண்டியரின் இரட்டைக் கயலையும் தமிழ்க் கல்வெட்டின் சிதைந்த வரிகளையும் இன்றும் காணலாம். அவசரமாக வண்டியில் கடந்து போகிறவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. மாமனாரை அங்கே இறக்கி, ஒரு கணம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். 1950இல் நகருக்குள் கிணறு தோண்டியபோது, புதைந்து கிடந்த செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் மலையடிக் கடலில் மூழ்கிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் பழைய ஆலயத்தின் தூண்களும் கற்களும் நீருக்கடியில் கிடப்பதைக் கண்டனர். இப்போதைய கோவிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. சம்பந்தர் பாடிய கடல் அப்படியே கீழே அலையடிக்கிறது.

முச்சக்கர வண்டி கோவிலுக்கு அருகே வரை செல்லும், முழங்கால் வலி உள்ளவருக்குச் சிரமம் மிகாது. நண்பகலில் போகாதீர்கள், கல்தளம் சுடும். விடியற்காலைப் பூசை நல்லது, கிழக்கே கடலிலிருந்து சூரியன் எழுவதைக் கோவிலில் இருந்தே காணலாம். கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரிகின்றன. அவற்றுக்கு நெகிழிப் பையோடு உணவு போட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

தமிழ் வரலாற்றில் நாட்டம் உள்ளவர் என்றால் வில்கம் விகாரையையும் பார்க்கட்டும். நகருக்கு வடமேற்கே பெரியகுளத்துக்கு அருகே உள்ள அந்தப் பௌத்தப் பள்ளி சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றது. தமிழர் அளித்த கொடைகளைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்துள்ளன. சைவத் தலம் தேடி வருகிறவர், தமிழர் போற்றிய பௌத்தப் பள்ளியையும் கண்டு போவது நிறைவாக இருக்கும். கன்னியா வெந்நீரூற்று அனுராதபுர வீதியில் 8 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெப்பம் வேறு. தாய்க்கு இறுதிக் கடன் செய்ய இராவணன் உண்டாக்கியது என்பது ஊர் மரபு. நீந்தும் இடம் அன்று அது, வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். காலை எட்டு மணிக்குள் போனால் இடம் கிடைக்கும்.

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை மாமனாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கோட்டை வாசலில் நிற்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். நாங்கள் வகுத்த திட்டம் இது. வெசாக் கழிந்த அடுத்த வாரம், மதுரையிலிருந்து விமானத்தில் கட்டுநாயக்கா வந்து, அன்றிரவு தம்புள்ளையில் தங்கி, மறுநாள் பகலுணவுக்கு உப்புவெளி சேர்கிறோம். அங்கே ஒரே விடுதியில் ஐந்து இரவுகள். முதல் மாலை கடல் மட்டும். இரண்டாம் நாள் விடியலில் கோணேசர் கோவில், மூன்றாம் நாள் பிள்ளைகள் கரையில் மிதக்கப் பழகுவார்கள், நான்காம் நாள் முதல் படகில் புறாத்தீவு. அந்த நேரம் பெரியவர்கள் கன்னியாவுக்கும் வில்கம் விகாரைக்கும் போவார்கள். ஐந்தாம் நாளை எதற்கும் ஒதுக்கவில்லை. ஆறாம் நாள் பகலுணவுக்குப் பின் புறப்பட்டுத் திருக்கேதீச்சரம் தரிசித்து யாழ்ப்பாணம், ஓர் இரவு தங்கி, பலாலியிலிருந்து திருச்சி. இதில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

வடமராட்சி (யாழ்ப்பாணம்) எழுதியது:

ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திருக்கேதீச்சர நாளில் பகலுணவுக்குப் பின் புறப்பட்டால் மாலைப் பூசை முடிந்து பூநகரி வீதியில் இரவுப் பயணம் செய்ய நேரும். அந்த வீதியில் இருள் அதிகம், மாடுகள் குறுக்கே வரும். விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, வவுனியாவில் காலையுணவு உண்டு, பத்து மணியளவில் கோவிலை அடையுங்கள். உச்சிப் பூசைக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள் என்பதால் அதற்கு முன் பாலாவித் தீர்த்தத்தையும் பார்க்க நேரம் இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குள் யாழ்ப்பாணம் வந்துவிடலாம். நுழைவனுமதியை அரசு இணையதளத்திலேயே விண்ணப்பியுங்கள், அதே தோற்றத்தில் கூடுதல் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் பல உள்ளன.

மாடவீதி (காஞ்சிபுரம்) எழுதியது:

வான் வண்டியை மூன்று துண்டாகப் பேசாமல், கட்டுநாயக்காவில் ஏற்றி யாழ்ப்பாணத்தில் இறக்கும் வரை ஒரே சாரதியிடம் பேசுங்கள். நடுவில் உப்புவெளியில் வண்டி தேவைப்படாத நாள்களுக்கு அவர் என்ன கேட்கிறார் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் முச்சக்கர வண்டியே போதும் என்றால், இரண்டு தனி வான்கள் மலிவாக முடியலாம்.

உப்புவெளி (திருகோணமலை) எழுதியது:

இரண்டு தனி வான்கள்தான் உங்களுக்கு ஏற்றவை. அக்கா, ஐந்தாம் நாளை வெறுமையாக விட்டது நல்ல முடிவு, அதை யார் சொன்னாலும் நிரப்பாதீர்கள். அன்று மாலை மட்டும் நகரின் மேற்குப் பக்கம், உட்துறைமுக வீதிக்கு வாருங்கள். எங்கள் கடற்கரை கிழக்கு நோக்கியது என்பதால் அங்கே சூரியன் மறைவதைக் காண முடியாது. உட்துறைமுகத்தில் மலைகளுக்குப் பின்னால் அது இறங்குவதை மாமியார் நடக்காமல் வண்டியில் அமர்ந்தபடியே பார்க்கலாம். ஆறு மணிக்கு முன்பாக வந்துவிடுங்கள்.